புதுப்பிப்பு: மெக்சிகோவில் எஹிதோ நிலம் வாங்கலாமா?

கடற்கரையிலிருந்து 50, நாட்டு எல்லையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் வீடு வாங்க ஃபிதேகொமிசோ என்ற வங்கி அறக்கட்டளை வேண்டும், தவணை 50 ஆண்டு, புதுப்பிக்கலாம் என்று முன்பு எழுதியிருந்தோம். அதன்கீழ் வந்த கேள்வி: மலிவாகக் கிடைக்கும் எஹிதோ நிலத்தை வாங்கலாமா?

எஹிதோ என்பது ஊர்ச் சமூகத்தின் நிலம். விற்பவரோடு தனியாகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அதை வைத்து அறக்கட்டளை போட முடியாது. வாங்கும் முன் எஹிதோவின் ஊர்ச்சபை அனுமதித்து, தேசிய வேளாண் பதிவகம் தனிப் பட்டா தந்திருக்க வேண்டும்.

பட்டா வந்தபின் நடக்கும் முதல் விற்பனையில்தான் சிக்கலே. விற்பவரின் குடும்பத்தார், அந்த நிலத்தில் ஓராண்டுக்கு மேல் உழைத்தவர், எஹிதோ உறுப்பினர், அங்கே குடியிருப்பவர், கடைசியாக எஹிதோ சமூகம் என்ற வரிசையில் வாங்க முன்னுரிமை உண்டு. இவர்களுக்கு அறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அறிவிப்பே தராவிட்டால் விற்பனை ரத்தாகலாம். நாளை பக்கத்து வீட்டுக்காரரே வழக்குப் போடுவார், அது அவர் உரிமை. முன்பணத்துக்கு முன்பே அந்த அறிவிப்பின் நகலை நொத்தாரியோவிடம் (சொத்துப் பத்திரங்களை உறுதிசெய்யும், அரசு அங்கீகரித்த வழக்கறிஞர்) காட்டிச் சரிபாருங்கள்.