புதுப்பிப்பு: கோபால்ட் மென்படலத்தில் காந்தத் திருப்புத்திறன் குறைவாக வந்த சிக்கல் தீர்ந்தது

பத்து நானோமீட்டர் கோபால்ட் படலத்தை எக்ஸ்-கதிர் காந்த வட்ட இருநிறமை முறையில் (இடமாகவும் வலமாகவும் சுழலும் வட்ட முனைவாக்கக் கதிர்களைப் பொருள் உட்கவரும் அளவிலுள்ள வேறுபாட்டைக் கொண்டு காந்தத்தன்மையை அறியும் முறை) அளந்தபோது, நிறமாலை முகடுகளின் பரப்பிலிருந்து திருப்புத்திறனைக் கணக்கிடும் தொகை விதிகளின்படி, எலக்ட்ரானின் தற்சுழற்சியால் வரும் தற்சுழற்சித் திருப்புத்திறன் அணுவுக்கு 0.95 போர் மேக்னட்டான்தான் (அணு அளவிலான காந்தத் திருப்புத்திறனின் அலகு) வருகிறது, 1.55-ஐ ஒட்டி வர வேண்டாமா என்று இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

படலம் ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கலாம் என்ற ஐயத்தை முதலில் சோதித்தேன். கோபால்ட் ஆக்சைடு இருந்தால் 778 எலக்ட்ரான் வோல்ட் அருகிலுள்ள எல்3 முகட்டில் (கோபால்ட் எக்ஸ்-கதிரை வலுவாக உட்கவரும் இரு முகடுகளில் ஒன்று; மற்றது எல்2) சிறு பிளவுகள் தெரியும். என் நிறமாலையில் முகடு வழவழப்பாக ஒற்றையாகவே இருந்தது. மேலே பூசிய அலுமினியம் தன் வேலையைச் செய்திருக்கிறது.

பலித்தது இரண்டாவது யோசனை. காந்தமாக்கம் படலத்தின் தளத்திலேயே கிடக்க, கதிரோ தளத்துக்கு 30 பாகைச் சாய்வில் விழுந்ததால், கதிரின் திசையில் விழும் பங்கை மட்டுமே அளந்திருக்கிறேன். வட்ட முனைவாக்கமும் முழுமையாக இல்லை, 75 விழுக்காடுதான். இருநிறமைச் சைகையை 0.866, 0.75 இரண்டின் பெருக்கலால் வகுத்ததும் 1.46 கிடைத்தது.

எதிர்பாராத ஒன்றும் உண்டு: அதன் பிறகும், எலக்ட்ரானின் சுற்றுப்பாதை இயக்கத்தால் வரும் சுற்றுப்பாதைத் திருப்புத்திறன் மிகக் குறைவாகவே நின்றது. கதிர் பட்டதும் பரப்பிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான்களை அளக்கும் மொத்த எலக்ட்ரான் வெளியீட்டு முறையில், சாய்வான கதிர் ஊடுருவும் ஆழம் எலக்ட்ரான் தப்பும் ஆழத்தை நெருங்கும்போது எல்3 முகடு எல்2-ஐவிட அதிகமாக மட்டுப்படுகிறது. இந்தத் தெவிட்டல் விளைவு தற்சுழற்சியைச் சற்றே குறைத்தாலும், சுற்றுப்பாதை மதிப்பைத்தான் பெரிதும் சிதைக்கிறது. இதே சாய்வில் அளப்பவர்கள் தெவிட்டலுக்கான திருத்தத்தைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.