அண்ணிக்கு வந்த வாக்காளர் அட்டை

(2023 ஒஸ்லோ மாநகர சபைத் தேர்தல் நேரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓடிய கதை. பெயர்கள் என் போனில் எப்படிச் சேமித்திருக்கிறேனோ அப்படியே. காலை வணக்கப் பூப்படங்களையும் பெரியப்பா அனுப்பிய கைவைத்திய வீடியோக்களையும் எடுத்துவிட்டேன். இல்லாவிட்டால் இதைவிட மூன்று மடங்கு நீளம்.)

ஆகஸ்ட் 26, சனி

அண்ணி: கொம்யூனில் (நகராட்சியில்) இருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. வாக்காளர் அட்டை போல. நான் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தானே, ஆள் மாறி அனுப்பிவிட்டார்களோ?

பெரியப்பா: மாறவில்லை பிள்ளை. பாராளுமன்றத் தேர்தலுக்குத்தான் குடியுரிமை வேண்டும். நகர சபைக்குத் தேவையில்லை. மூன்று வருஷம் தொடர்ந்து இங்கே பதிவாகி இருந்தால் போதும். 1983இல் இருந்து அப்படித்தான். நான் 87இல் வந்து 91இல் வோட்டுப் போட்டேன். அப்போது என்னிடம் நோர்வே பாஸ்போர்ட் கிடையாது.

அண்ணா: நீர் 2020 பெப்ரவரியில் வந்தனீர். கணக்குச் சரி.

அண்ணி: ஊரில் மார்ச் 9 நடக்க இருந்த உள்ளூராட்சித் தேர்தலையே காசில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இங்கே கேட்காமலே வீட்டுக்கு அட்டை அனுப்புகிறார்கள்.

தம்பி: எனக்கும் வந்தது. நவம்பரில்தான் 18 ஆகிறது, ஆனால் வருஷம் முடிவதற்குள் 18 ஆனால் சரியாம்.

மாமா: அப்போ இந்த முறை வீட்டில் இரண்டு புது வோட்டு. நல்லது. இரண்டும் பூம்பெங்கருக்கு எதிராகப் போகட்டும்.

அண்ணி: பூம்பெங்கர் என்றால்?

மாமா: வீதிச் சுங்கம். விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவனுக்கு மெட்ரோ இல்லை, காரில்தான் போகவேண்டும். திரும்பி வரும் நேரம் பின்னேர நெரிசல், 3 மணியில் இருந்து 5 வரை கூடுதல் கட்டணம். 2019இல் நகர எல்லையிலும் உள்ளேயும் புதுச் சுங்கக் கமரா போட்டார்கள். அந்த வருஷம் சுங்கத்தை எதிர்த்தே ஒரு கட்சி நின்று சபைக்குள் போனது. நாங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தம்பி: மாமா, சுங்கத்தை நகர சபை தனியே தீர்மானிப்பதில்லை. அரசாங்கம், பக்கத்து மாகாணம், ஒஸ்லோ எல்லாம் சேர்ந்து போட்ட உடன்பாடு அது. மெட்ரோவுக்கும் அந்தக் காசில் ஒரு பங்கு போகிறது.

மாமா: பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததா? நல்லாய்ப் படி. பில் எனக்குத்தான் வருகிறது.

பெரியப்பா: சுங்கத்தை விடு. சொத்துவரி. அதைப் பேசு. 2015இல் தொழிற்கட்சியும் எஸ்வேயும் (சோசலிச இடதுசாரிக் கட்சி) பசுமைக் கட்சியும் வந்த கையோடு 2016இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன் வலதுசாரிகள் ஆண்ட கடைசி வருஷங்களில் அப்படி ஒன்று இருக்கவில்லை.

சித்தி: அத்தான், வீட்டு மதிப்பில் முதல் நாற்பது லட்சம் குரோனரைக் கழித்துவிட்டுத்தானே தொடங்கினார்கள்? எங்கள் பக்கத்துத் தொடர்மாடிகளில் முக்கால்வாசிப் பேர் ஒரு சதமும் கட்டவில்லை. கட்டுகிறவர்கள் மேற்குப் பக்கத்து வில்லாக்காரர்.

பெரியப்பா: நான் கிழக்குப் பக்கம், ஃபுருசெட்டில் இருக்கிறேன். வில்லா இல்லை, தொடர்வீடு. நானும் கட்டுகிறேன்.

அம்மா: அத்தான் அந்த வீட்டை வாங்கிய விலையையும் இன்றைய விலையையும் சொன்னால் எல்லாரும் அழுவார்கள் 😄

பெரியப்பா: அது வேறு கதை.

செப்டம்பர் 2, சனி

அம்மா: இன்று கார்ல் யோஹான் வீதிக்குப் போனேன். கட்சிக்காரர் எல்லாரும் வரிசையாகச் சின்னச் சின்னக் கொட்டில் போட்டு நிற்கிறார்கள். ஒரு கொட்டிலில் வாஃபிள் தந்தார்கள், மேலே ஜாமும் போட்டு. அடுத்ததில் கோப்பி. தொழிற்கட்சிப் பெடியன் சிவப்பு ரோசா தந்தான். மூன்று பேரிடமும் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா: அம்மா!!

அம்மா: என்ன அம்மா? ரோசா நல்ல வாசம். சுவாமி அறையில் வைத்துவிட்டேன்.

அண்ணி: மாமி, அங்கே பேச்சு, ஒலிபெருக்கி, ஊர்வலம் ஒன்றும் இல்லையா?

அம்மா: ஒன்றும் இல்லை. நகர அரசின் தலைவர் ரேமண்ட் யோஹான்சன் என்கிறார்கள், ஒரு சுவரிலும் அவருடைய படத்தைக் காணவில்லை. ஊர் என்றால் கட்அவுட்டிலேயே வெயில் மறைந்திருக்கும்.

சித்தி: நான் ஒன்று சொல்கிறேன், வாஃபிளை விட்டுவிட்டுக் கேளுங்கோ. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன், எங்களில் பாதித் தமிழ்ப் பெண்கள் அங்கேதான் இருக்கிறார்கள். முன்பு எங்கள் இல்லத்தை நடத்தியது ஒரு தனியார் நிறுவனம், டெண்டரில் எடுத்தது. அதே கட்டில், அதே தாத்தா, அதே இரவு வேலை. ஆனால் ஓய்வூதியம் மட்டும் நகராட்சி ஆட்களைவிடக் குறைவு. 2015க்குப் பிறகு வந்தவர்கள், இலாப நிறுவனங்களின் ஒப்பந்தம் முடிய முடிய இல்லங்களை நகராட்சியே எடுக்கும் என்று சொல்லி எடுத்தார்கள். எங்களுடையதும் போனது. வேலை மாறவில்லை, பென்ஷன் மாறியது. வலதுசாரிகள் வந்தால் மறுபடி தனியாருக்குக் கதவு திறப்பார்கள். அவர்கள் அதை ஒளிக்கவும் இல்லை. பெரியப்பாவின் வரியைவிட எனக்கு இது பெரிது.

பெரியப்பா: அது உன் பக்கத்து நியாயம். நான் மறுக்கவில்லை.

மாமா: சித்தி கேட்டால் ஒரு நியாயம், நான் கேட்டால் பள்ளிக்கூடப் பாடம்.

அண்ணி: எல்லாரும் எனக்குத்தான் வகுப்பு எடுக்கிறீர்கள் என்று விளங்குகிறது 🙂 யாராவது எப்படிப் போடுவது என்று சொல்லுங்கோ. யாருக்கு என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான்: அண்ணி, நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளம்.

மறைப்புக்குள் போனால் கட்சிவாரியாகச் சீட்டுகள் தட்டில் இருக்கும். ஒஸ்லோவில் இரண்டு சீட்டு. ஒன்று மாநகர சபைக்கு, 59 இடம். மற்றது நாங்கள் இருக்கிற பைடேலின் (நகரப் பிரிவின்) குழுவுக்கு. ஒஸ்லோவில் 15 பைடேல். மற்ற ஊர்களில் இரண்டாவது சீட்டு மாகாண சபைக்கு. ஒஸ்லோ நகரமும் மாகாணமும் ஒன்றே என்பதால் அது இங்கே இல்லை. இரண்டுக்கும் ஒரே கட்சியைப் போடவேண்டும் என்றும் இல்லை.

ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியே, கட்சிப் பெயர் உள்ளே போகும்படி மடியுங்கோ. ஒன்றுக்குள் ஒன்றை வைத்து மடித்தால் உள்ளே இருக்கும் சீட்டில் முத்திரை விழாது. முத்திரை இல்லாத சீட்டைத் தள்ளிவிடுவார்கள். வெளியே வந்து பாஸ்போர்ட்டைக் காட்டினால் பெயரைப் பார்த்து, சீட்டின் வெளிப்பக்கம் முத்திரை குத்துவார்கள். நீங்களே பெட்டியில் போடலாம்.

அம்மா: விரலில் மை?

நான்: மை இல்லை அம்மா. கணினியில் பெயருக்கு நேரே அடையாளம் விழும், அவ்வளவுதான்.

அண்ணி: விருப்பு வாக்கு உண்டா? ஊரில் மாகாண சபைக்கு மூன்று பேருக்குப் போடலாம்.

நான்: உண்டு. பெயருக்குப் பக்கத்துக் கட்டத்தில் புள்ளடி. எத்தனை பேருக்கும் போடலாம். ஒருவரையும் பிடிக்காமல் கோடு கிழித்தால் மட்டும் பலனில்லை, எண்ணமாட்டார்கள். வேறு கட்சி ஆட்களின் பெயரையும் எழுதலாம், ஆனால் அப்போது உங்கள் வோட்டில் ஒரு சின்னத் துண்டு அந்தக் கட்சிக்குப் போய்விடும். தெரிந்து செய்தால் சரி.

பெரியப்பா: தமிழ்ப் பெயர் எங்கே இருந்தாலும் புள்ளடி போடு பிள்ளை. கட்சி பார்க்காதே. ஹம்சாயினி குணரத்தினம் எப்படி வந்தது? 2007இல் 19 வயதில் நகர சபைக்குள் போன பிள்ளை. 2011இல் ஊத்தோயாத் தீவில் இளைஞர் முகாமில் துப்பாக்கிச் சூடு நடந்தபோது நீந்தித் தப்பியது. 2015இல் துணை மேயர், 2021இல் பாராளுமன்றம். நாங்கள் போட்ட புள்ளடி.

சித்தி: நாங்கள் போட்டோம், உண்மை. ஆனால் அந்தப் பிள்ளை தொழிற்கட்சியின் இளைஞர் அணியில் உழைத்த உழைப்பை யார் கணக்கில் எடுக்கிறது?

நான்: பெரியப்பா, பட்டியலின் மேலே சில பெயர்கள் தடித்த எழுத்தில் இருக்கும், கவனித்திருப்பீர்கள். மாநகர சபைப் பட்டியலில் ஒரு கட்சி பத்துப் பேர் வரை அப்படிப் போடலாம். அவர்களுக்குக் கட்சி வாங்கும் சீட்டுகளில் 25 வீதத்தை முதலிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கட்சிக்குக் கிடைப்பதே பத்துப் பன்னிரண்டு இடம் என்றால், 40ஆம் இலக்கத்தில் நிற்கும் தமிழருக்கு நாங்கள் குடும்பத்தோடு புள்ளடி போட்டாலும் அவர் உள்ளே போவது கஷ்டம். அவருக்கு விழும் வோட்டு முதலில் கட்சிக்கு விழும் வோட்டு. உள்ளே போவது மேலே இருக்கிறவர். அதனால் கட்சி பார்க்காதே என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பெரியப்பா: அப்போ பெயரை ஏன் போடுகிறார்கள்?

நான்: உங்களைப் போல ஆட்களின் வோட்டுக்குத்தான் 😬

மாமா: 😂😂😂

பெரியப்பா: பிள்ளைக்கு வாய் கூடிவிட்டது.

நான்: பைடேல் குழு வேறு. அங்கே 15 இடம், போடுகிற ஆட்களும் குறைவு. ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சேர்ந்தாலே புள்ளடிக்குக் கனம் உண்டு. எங்கள் ஆட்கள் அந்தச் சீட்டைத்தான் எடுக்காமல் வந்துவிடுகிறார்கள்.

செப்டம்பர் 8, வெள்ளி

அண்ணா: முன்கூட்டிப் போடுவதற்கு இன்றுதான் கடைசி நாள். ஆகஸ்ட் 10 தொடங்கியது. நூலகத்தில் போட்டுவிட்டு வந்துவிட்டேன், ஐந்து நிமிஷம்.

அண்ணி: நான் திங்கள்தான் போவேன். தேர்தல் அன்று போட்டால்தான் போட்ட மாதிரி இருக்கும்.

மாமா: நானும் திங்கள். நூலகம் வரை போக ஒரு சுங்கம் 😏

தம்பி: மாமா நூலகம் உங்கள் வீட்டுக்குக் கீழே.

செப்டம்பர் 11, திங்கள்

அண்ணி: போட்டாச்சு! தனித்தனியே மடித்தேன். எனக்கு முன்னால் நின்ற சோமாலிய அம்மா இரண்டையும் ஒன்றாக மடித்துக்கொண்டு வந்தா. முத்திரைக்காரி சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினா, மறைப்புக்குள் போய்ப் பிரித்து மடியுங்கோ என்று. நான் பிழைத்தேன்.

அண்ணா: யாருக்கு?

அண்ணி: மறைப்பு எதற்கு வைத்திருக்கிறார்கள்?

அம்மா: நல்லாய்ச் சொன்னாய்.

அண்ணா: ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷனுக்கும் சொல்லமாட்டீரா?

சித்தி: அவவை விடு. இரவு 9 மணிக்கு வாக்குச்சாவடி பூட்டிய உடனே முதல் கணிப்பு வரும். முன்கூட்டிப் போட்ட வோட்டுகளை வைத்துத்தான் அது. எங்கள் வீட்டுக்கு வாங்கோ, கொத்து ரொட்டி போடுகிறேன்.

மாமா (21:04): வலதுசாரி முன்னுக்கு 🔥

சித்தி (21:06): பக்கத்தில் இருந்துகொண்டு குழுவில் ஏன் எழுதுகிறாய்? ரொட்டியைச் சாப்பிடு.

செப்டம்பர் 12, செவ்வாய்

பெரியப்பா: ஒஸ்லோவில் வலதுசாரிக் கட்சிக்குக் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தொழிற்கட்சி 20 வீதத்தைத் தொடவில்லை. நாடு முழுவதும் உள்ளாட்சித் தேர்தலில் தொழிற்கட்சி முதலிடத்தில் இல்லாதது 1924க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. இந்த வயதில் பார்த்துவிட்டேன்.

சித்தி: நித்திரை வரவில்லை எனக்கு.

அண்ணி: அப்போ இன்றைக்கே ஆள் மாறுமா?

தம்பி: இல்லை அண்ணி. வலதுசாரிக்குத் தனிப் பெரும்பான்மை இல்லை. ஒஸ்லோவில் 1986இல் இருந்து பாராளுமன்ற முறை, சபையில் பெரும்பான்மை யாரைத் தாங்குகிறதோ அவர்தான் நகர அரசு. வென்ஸ்த்ரெ என்ற லிபரல் கட்சியோடு பேசி, முன்னேற்றக் கட்சி, கிறிஸ்தவ மக்கள் கட்சி ஆதரவோடு வருவார்கள் என்கிறார்கள். ஒக்டோபர் கடைசி வரை பழைய ஆட்கள்தான். எய்ரிக் லே சூல்பெர்க் நகர அரசின் தலைவராம். மேயராக அன்னெ லிண்ட்போ, முன்பு சிறுவர்களுக்கான ஒம்புட்ஸ்மனாக (சிறுவர் உரிமைகளைக் கண்காணிப்பவராக) இருந்தவர்.

அம்மா: மேயர் வேறு, தலைவர் வேறா?

தம்பி: மேயர் சபைக் கூட்டத்தை நடத்துவார், சங்கிலி போட்டுக்கொண்டு விருந்தினரை வரவேற்பார். காசும் நிர்வாகமும் மற்றவரிடம்.

அம்மா: எங்கள் வீட்டில் உங்கள் அப்பா மேயர்.

மாமா: 😂 அக்கா!

சித்தி: அத்தான், உங்கள் சொத்துவரி எப்போது போகிறதாம்?

பெரியப்பா: முதலில் குறைப்பார்கள். பிறகு எடுப்பார்களாம். எத்தனை வருஷத்தில் என்று பார்ப்போம்.

சித்தி: அந்தக் காசு இல்லாமல் என் இல்லத்தில் ஆளைக் குறைத்தால் முதலில் உங்களுக்குத்தான் போன் எடுப்பேன்.

பெரியப்பா: எடு. நான் கட்டிய வரியில் ஓடுகிற இல்லம்தானே, எனக்கும் ஒரு கட்டில் பிடித்து வை.

அண்ணி: ஒரு கேள்வி. பைடேல் குழுக் கூட்டத்துக்கு நாங்கள் போகலாமா? எங்கள் பக்கத்து விளையாட்டு முற்றத்தில் பெரிய பிள்ளைகளின் ஊஞ்சல்தான் இருக்கிறது. இரண்டு வயதுப் பிள்ளையை இருத்துகிற மாதிரி ஒன்று வேண்டும்.

நான்: போகலாம் அண்ணி. கூட்டத்தில் அரை மணித்தியாலம் குடியிருப்பாளருக்கு என்றே ஒதுக்குவார்கள். யாரும் எழும்பிக் கேட்கலாம். நானும் வருகிறேன்.

அம்மா: நோர்வேஜிய மொழியில் கேட்பியா பிள்ளை?

அண்ணி: எழுதிக்கொண்டு போய் வாசிப்பேன் மாமி. தம்பி பிழை திருத்தித் தரட்டும்.

தம்பி: சரி. ஆனால் ஒரு பிட்சா.

மாமா: கேட்கிறதோடு சுங்கத்தையும் ஒரு வரி சேர்த்துக் கேள் பிள்ளை.

தம்பி: மாமா, அது பைடேல் இல்லை…