வேலை தருகிறோம் என்று வந்த மெசேஜ்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பல்லடத்துக்காரி:
எனக்கு டெலிகிராமில் வந்தது டாஸ்க் வேலை, சின்னச் சின்ன வேலை செய்தால் காசு என்றார்கள். கூகுள் மேப்பில் ஹோட்டலுக்கு 5 ஸ்டார் போட்டால் 50 ரூபாய். முதல் நாளே 150 ரூபாய் என் அக்கவுண்டுக்கு வந்துவிட்டது. அடுப்படியில் இருந்த மாமியாரிடம் ஓடிப்போய் மெசேஜைக் காட்டினேன். தறி ஓடாமல் நின்றிருந்த மாதம் அது. "ஊட்டுல இருந்தே சம்பாரிச்சுட்டியா கண்ணு" என்று கன்னத்தைத் தடவினார்.

மூன்றாம் நாள் ப்ரீபெய்டு டாஸ்க் என்று 2,000 கட்டச் சொன்னார்கள். 2,800 திரும்பி வந்தது. அப்புறம் 9,000, அப்புறம் 28,000. எல்லாம் சீட்டு எடுத்த பணம். ஆப்பில் என் பேரில் 61,000 காட்டியது, எடுக்கப் போனால் முதலில் வரி கட்டு என்றார்கள். அப்போதுதான் புரிந்தது. "அந்த வேலை என்னாச்சு கண்ணு" என்று மாமியார் இன்னமும் கேட்கிறார். முடிந்துவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கோபி:
எனக்கு டேட்டா என்ட்ரி. 10 நாள் ராத்திரி பகலாக டைப் அடித்துக் கொடுத்தேன். 11ஆம் நாள் வாட்ஸ்அப்பில் வக்கீல் நோட்டீஸ்: தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 6,500 கட்டாவிட்டால் வழக்கு. மேலே சிங்க முத்திரை வேறு. எனக்குக் கை நடுங்கியது. அப்பா மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதியவர். கண்ணாடியைப் போட்டு முழுசாகப் படித்துவிட்டு, "ஏஞ்சாமி, கோர்ட்டுக்குப் போறவன் ஜிபே நம்பர் குடுப்பானா?" என்றார். கட்டவில்லை. வழக்கும் வரவில்லை. ஆனாலும் ஒரு மாதம் வாசலில் பைக் நின்றாலே பயம்.

ஈரோட்டுக்காரர்:
பல்லடத்துச் சகோதரி தப்பாக நினைக்க வேண்டாம், 28,000 கட்டும்போதாவது யோசித்திருக்க வேண்டும். வேலைக்கு அவன்தானே நமக்குப் பணம் தரவேண்டும்? என் அக்கா மகனுக்கு வந்த வேலையே வேறு மாதிரி. பேங்க் அக்கவுண்ட்டை எங்களுக்குக் கொடு, மாதம் 15,000 என்றார்கள். கொடுத்தான். யாரோ ஏமாந்த பணம் அதில் வந்து போக, அக்கவுண்ட் முடங்கியது, வெளி மாநிலப் போலீஸ் கூப்பிட்டது. அவ்வளவுதான் என் கதை.

எல்லாரும் கேளுங்கள். பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடியுங்கள். அந்தப் பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்க வழி உண்டு. விடியட்டும் என்று இருக்காதீர்கள். cybercrime.gov.in என்ற சைபர் கிரைம் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். சாட்டை அழிக்காதீர்கள், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். யூபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போடச் சொன்னால் பணம் நம் கையிலிருந்துதான் போகும். பெரிய கம்பெனி பேரில் ஆஃபர் வந்தால், அந்த லெட்டரில் இருக்கும் நம்பரை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருக்கும் நம்பருக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

காங்கேயம்:
ஈரோட்டுக்காரரே, 2,800 கையில் வந்த பிறகு யோசி என்றால் எப்படிங்க? அந்த நம்பிக்கை வரத்தானே அதையே அனுப்புகிறார்கள். அவரைக் குறை சொல்லாதீர்கள்.

என் தம்பிக்குத் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை, மாதம் 80,000 என்றார்கள். ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்டான். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000க்கும் அதற்கான ஜிஎஸ்டிக்கும் மேல் வாங்கக் கூடாது என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. விசா டூரிஸ்ட் விசா. பெட்டி கட்டியாகிவிட்டது, அம்மா பருப்புப் பொடி இடித்துக்கொண்டிருந்தார். எந்த ஊரில் ஆபீஸ் என்று சும்மா கேட்டேன். மே சாட் என்றான். மேப்பில் பார்த்தால் பக்கத்தில் ஒரு ஆறு, அக்கரையில் மியான்மரின் மியாவாடி. 2022இல் நம் தமிழ்ப் பையன்கள் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கி, மீட்கப்பட்டு வந்த அதே இடம். போனைத் தம்பியிடம் நீட்டினேன். அவன் 3 மாதம் என்னோடு பேசவில்லை.

அதே ஏஜென்ட் மூலமாக எங்கள் ஊர்ப் பையன் ஒருவனும் கிளம்பியிருந்தான். அவன் வீட்டில் நான் சொல்லவில்லை. நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். போன திங்கட்கிழமை சந்தையில் அவன் அம்மா என்னை நிறுத்தி, "உந்தம்பி ஏஞ்சாமி போவுல?" என்று கேட்டார்.

ஈரோட்டுக்காரர்:
அவன் போன் எடுக்கிறானா? இன்று ராத்திரியே அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். வேண்டுமானால் நானும் வருகிறேன்.