புல்லட் கிளம்பவில்லையா? முதலில் ஆம்பியர் முள்ளைப் பாருங்கள்

அப்பா ஓட்டிய 1984 மாடல் புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. திருவொற்றியூரில் செய்த காஸ்ட் அயர்ன் எஞ்சின், வலது காலில் கியர், பாயின்ட் இக்னிஷன். பாயின்ட் என்பது ஒரு சின்ன சுவிட்ச்; அது திறக்கும் நொடியில்தான் பிளக்கில் ஸ்பார்க் வரும். அப்பா இரண்டாவது உதைக்கு மேல் போகமாட்டார். போன மழைக்காலத்தில் அதே வண்டியை நான் பதினைந்து, இருபது தடவை உதைத்தேன். சில காலைகளில் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டுத் தள்ளித்தான் எடுத்தேன்.

மழை நேரம், பெட்ரோலில் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவியாயிற்று. புது பிளக் போட்ட அன்று மட்டும் நாலாவது உதையில் கிளம்பியது. மறுநாள் பழைய கதைதான். உதைத்த பிறகு பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்திருக்கும். பெட்ரோல் வந்துவிட்டது, நெருப்புதான் போதவில்லை என்று அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

கடைசியில் புல்லட் மட்டுமே பார்க்கிற ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஸ்பேனரையே எடுக்கவில்லை. "சாவியைப் போட்டு கிக்கரை மெதுவா அமுக்குங்க தம்பி. ஆம்பியரைப் பாருங்க" என்றார். பேட்டரிக்குக் கரன்ட் போவதையும் வருவதையும் முள்ளால் காட்டும் மீட்டர் அது.

பாயின்ட் மூடியிருக்கும்போது ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலுக்குக் கரன்ட் போகும், முள் மைனஸ் பக்கம் சாயும். திறந்ததும் நடுவுக்கு வரும். கம்ப்ரஷனில் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில்தான் பாயின்ட் திறக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, மறுபடி மேலே விட்டு முழு உதை கொடுக்கிறோம். என் வண்டியில் கிக்கர் கல் மாதிரி நின்ற பிறகும் முள் மைனஸிலேயே கிடந்தது. லீவரைப் பிடித்து நன்றாகக் கீழே இறக்கிய பிறகுதான் நடுவுக்கு வந்தது. இரண்டு மாதமாக நானும் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பழைய மீட்டர் என்று விட்டுவிட்டேன்.

சிலிண்டருக்குப் பின்னால் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். பாயின்ட் நன்றாகத் திறந்த நிலையில் 15 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 6 தௌ தகடே இறுக்கமாகத்தான் நுழைந்தது. பாயின்ட்டைத் திறந்து மூடும் சுழலும் கேமில் உரசும் ஃபைபர் துண்டு தேய்ந்திருந்தது. அங்கே கிரீஸ் என்பதே இல்லை. இடைவெளி சுருங்கினால் பாயின்ட் தாமதமாகத் திறக்கும், ஸ்பார்க்கும் வலுவிழக்கும்.

புது பாயின்ட் போட்டு, கேமில் விரல் நுனியளவு கிரீஸ் தடவி, டைமிங் சரிபார்த்தார். பாயின்ட்டில் தீப்பொறி பறக்காமல் தடுக்கும் கன்டென்சரையும் மாற்றிவிடலாமா என்று கேட்டேன். பாயின்ட்டில் தீப்பொறி பறக்கவில்லை, முகமும் குழி விழவில்லை, அது நன்றாக இருக்கிறது என்றார். பிளக்கை ஹெட்டில் வைத்து உதைத்தோம். முன்பு மங்கலான ஆரஞ்சு இழை தெரிந்த இடத்தில் இப்போது நீலமாக, 'டக்' என்று அடித்தது.

பிளக்கை மாட்டி இரண்டாவது உதையில் கிளம்பியது. அப்பா ஓட்டிய காலத்துச் சத்தம் அப்படியே.

புது ஃபைபர் கேமோடு பழகும்போது கொஞ்சம் தேயும், 500 கிலோமீட்டரில் மறுபடி பாருங்கள் என்று சொல்லியனுப்பினார். பார்த்தேன், 12 தௌ இருந்தது. 15க்கு வைத்து மூடியிருக்கிறேன்.