மானி அழுத்தமா, சார்பழுத்தமா?

வணக்கம்.

அழுத்த அலகு மாற்றக் கட்டுரையில் 'கேஜ் பிரஷர்' (gauge pressure) என்பதற்கு 'மானி அழுத்தம்' என்ற சொல்லே போதும் என்று பலரும் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. பாதரசக் காற்றழுத்தமானியும் மானிதான், ஆனால் அது காட்டுவது வெற்றிடத்திலிருந்து எண்ணிய முழு அழுத்தம். டயர்க்காரர் வைத்துப் பார்க்கும் மானியோ வெளிக்காற்றைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும்தான் காட்டும். சப்பையான டயரில் அது 0 காட்டுகிறது என்பதற்காக உள்ளே வெற்றிடமா இருக்கிறது?

குழப்பம் கணக்கில்தான் கடிக்கும். 32 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அலகு) டயர், காற்று 27 டிகிரி செல்சியஸிலிருந்து 57-க்குச் சூடாகிறது, கன அளவு மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 300 என்பது 330 ஆகிறது, பத்து விழுக்காடு ஏற்றம். உடனே 32-ஐ 1.1-ஆல் பெருக்கி 35.2 என்று எழுதினால் தப்பு, பத்து விழுக்காடு ஏறுவது வெற்றிடத்திலிருந்து எண்ணிய முழு அழுத்தம்தான். கடல்மட்டக் காற்றின் 14.7-ஐக் கூட்டி 46.7 ஆக்கி, அதைப் பெருக்கி, அப்புறம் 14.7-ஐக் கழித்தால் 36.7 வரும். செல்சியஸைக் கெல்வினாக மாற்ற மறக்காதவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் இங்கே இரண்டு அழுத்தத்துக்கும் அலகு ஒன்றே.

அதனால் 'மாற்றம்' என்ற சொல்லையும் ஒரு வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிஎஸ்ஐயை 6.895-ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல். 1 பார் என்றால் 100 கிலோபாஸ்கல். 760 மில்லிமீட்டர் பாதரசம் என்றால் 101.325 கிலோபாஸ்கல். எல்லாம் வெறும் பெருக்கல், அது அலகு மாற்றம். 14.7-ஐக் கூட்டுவது அலகு மாற்றமே இல்லை, எண்ணத் தொடங்கும் இடத்தை நகர்த்துவது.

டயர் மானி காட்டும் அழுத்தத்துக்கு 'மிகையழுத்தம்' என்ற பரிந்துரை பரவாயில்லை. ஆனால் உறிஞ்சு குழாயில் அளவு எதிர்க்குறியில் வருமே, 'மிகையழுத்தம் -0.5 பார்' என்று எழுதக் கை கூசாதா? சோப்புக் குமிழிக் கணக்கிலும், குமிழிக்குள் வெளியைவிடக் கூடுதலாக உள்ள அழுத்தத்துக்கு, அந்தச் சொல் ஏற்கெனவே குடியிருக்கிறது.

என் பரிந்துரை: வெற்றிடத்திலிருந்து எண்ணுவது தனியழுத்தம், வெளிக்காற்றிலிருந்து எண்ணுவது சார்பழுத்தம். தனிவெப்பநிலை (கெல்வினில் எண்ணும் வெப்பநிலை), தனிச்சுழி (அதன் சுழியம்) என்று பழகியவர்களுக்கு முதல் சொல் புதிதல்ல. இரண்டாவது சார்பெழுத்து மாதிரியே புணர்கிறது, பொருளும் ஒத்துப்போகிறது. ஆய்தம் முன்னும் பின்னும் எழுத்தைச் சார்ந்து நிற்பதுபோல இந்த 32-ம் வெளிக்காற்றைச் சார்ந்துதான் நிற்கிறது. கணிதத்தில் சார்புக்கு வேறு பொருள் உண்டு என்பீர்கள், சரி, 'சார்பழுத்தம்' என்று சேர்த்தெழுதும்போது யாரும் அங்கே போய் இடறப்போவதில்லை.

பிஎஸ்ஐ-யின் வாலில் ஒட்டும் ஏ (முழு அழுத்தம், absolute), ஜி (மானி அழுத்தம், gauge) எழுத்துகளுக்குப் பதிலாக 'த', 'சா' ஒட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அலகு ஒன்றுதான், வேறுபடுவது அளக்கப்படும் அழுத்தம். 'சார்பழுத்தம் 32 பிஎஸ்ஐ' என்று எழுதிவிட்டால் வால் எதற்கு?