ஸ்விட்சா, ஸ்டீம் டெக்கா? எங்கட ஊரில கையில வச்சு விளையாடின ஆக்கள் உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

கொக்குவிலான்:
அக்காவின்ர மகனுக்கு 12 வயசு. ரொறொன்ரோவில இருக்கிற சித்தப்பா நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க ஒரு கேம் பெட்டி கொண்டு வாறாராம். நின்டென்டோ ஸ்விட்சா, ஸ்டீம் டெக்கா எண்டு என்னட்டக் கேக்கினம். இணையத்தில கிடக்கிற ஒப்பீடுகள் எல்லாத்தையும் வாசிச்சிட்டன். திரை, வேகம் எல்லாம் இருக்கு. கரண்ட் நிண்டா என்ன, கேமை ஆரிட்ட வாங்கி விளையாடுறது எண்டு ஒருத்தரும் எழுதேல்லை.

முதல்ல என்ர கதை. 2010இல சுவிசில இருந்து வந்த மச்சான் தான் பாவிச்ச சோனி பிஎஸ்பி கேம் பெட்டியை எனக்குத் தந்திட்டுப் போனவர். 4.3 அங்குலத் திரை, 480க்கு 272 புள்ளி. கேம் விளையாடினதிலும் பார்க்க அதில படம் பார்த்ததுதான் கூட. மெமரி ஸ்டிக்கில படத்தை மாத்திப் போட்டு, அப்பம்மாவை நடுவில இருத்தி, நானும் தம்பியும் ரெண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு பார்ப்பம். அப்பம்மா படம் முடியுமட்டும் கண்ணாடியைக் கழட்டமாட்டா. மச்சாளிட்ட இருந்தது நின்டென்டோவின்ர டிஎஸ் லைற். திரை ரெண்டு இருந்தாலும் ஒவ்வொண்டும் 256க்கு 192தான். அதை நான் சின்னப்பிள்ளையளின்ர சாமான் எண்டு கணக்கெடுக்கேல்லை.

பிறகு எல்லாரும் இரவு பஸ்ஸில கொழும்புக்குப் போனம். ஓமந்தைச் சோதனைச் சாவடியில இறங்கி ஏறி, அநுராதபுரம் தாண்டேக்க என்ர திரை கறுத்துப்போச்சு. அதுக்குள்ள கேம் பதிஞ்ச யூஎம்டி தட்டு சுத்திக்கொண்டே இருக்கவேணும், அதுக்கும் சேர்த்துத்தான் பற்றறி. கேம் விளையாடினா நாலிலிருந்து ஆறு மணித்தியாலம். மச்சாள் வெளிச்சத்தைக் குறைச்சு வச்சுக்கொண்டு கொழும்பு மட்டும் விளையாடினாள். குறைஞ்ச வெளிச்சத்தில டிஎஸ் லைற் 15 மணித்தியாலத்துக்கு மேல நிக்கும். புத்தளத்தில இருந்து விடியுமட்டும் நான் அவளின்ர தோளுக்கு மேலால எட்டிப் பார்த்துக்கொண்டு போனன்.

வல்லைவெளி:
தம்பி, நீர் ஒரு இரவு பட்டதை நாங்கள் ஐஞ்சு வருஷம் பட்டனாங்கள். 1990இல இருந்து 95 மட்டும் யாழ் குடாநாட்டில கரண்ட் இல்லை. பற்றறி தடைச் சாமான். அந்த நேரம் எங்கட ஒழுங்கைக்கு ரெண்டு பெட்டி வந்தது. பெரியம்மாவின்ர மகன் கிளாலிக் கடலால வரேக்க உடுப்புக்குள்ள சுத்திக் கொண்டந்த நின்டென்டோ கேம்போய் ஒண்டு. ஜேர்மனியில இருந்து முன்வீட்டுக்கு வந்த செகா கேம் கியர் மற்றது.

பார்வைக்கு எது நல்லதெண்டு கேட்டா கேள்வியே இல்லை. கேம் கியரில கலர், திரைக்குப் பின்னால வெளிச்சமும் இருக்கு. கேம்போயில நாலு சாயல் பச்சை, வெளிச்சம் கிடையாது. இரவில ஜாம் போத்தல் விளக்கைக் கிட்டப் பிடிச்சாத்தான் அதில ஏதும் தெரியும். இருட்டில இருந்த எங்களுக்குப் பொருத்தம் கேம் கியர்தான். ஆனா அதுக்கு ஆறு பென்ரோச் (ஏஏ) பற்றறி, அதுவும் மூண்டிலிருந்து ஐஞ்சு மணித்தியாலத்துக்குத்தான். கேம்போய் நாலு பற்றறியில பத்து மணித்தியாலத்துக்கு மேல ஓடும்.

பற்றறியே இல்லாத ஊரில நாலு என்ன, ஆறு என்ன எண்டு நினைப்பீர். இதைக் கேளும். நாலு பற்றறி எண்டா ஆறு வோல்ற். சைக்கிள் டைனமோவும் ஆறு வோல்ற் பல்புக்குச் செய்ததுதான். சைக்கிளைக் கவிட்டு வச்சுப் பெடலைச் சுத்தி ரேடியோ கேட்ட சனம் நாங்கள். ரேடியோ திருத்துற அண்ணை ஒருத்தர் நாலு டயோட்டும் பெரிய கப்பாசிற்றர் ஒண்டும் வச்சு ஒட்டித் தந்தார். முதல் நாள் மீற்றரைப் பிடிச்சுக்கொண்டு, "மெல்லச் சுத்து, மெல்லச் சுத்து" எண்டு கத்தினவர் இப்பவும் கண்ணுக்குள்ள நிக்கிறார். ஒருத்தன் சுத்த மற்றவன் கட்டை விழுற டெட்ரிஸ் விளையாடுவான். சுத்துறவன் களைச்சா ஆட்டம் போச்சு, திரும்ப முதலில இருந்து. அதால விளையாடுறவன்தான் சுத்துறவனுக்கு விசிறிவிடுவான்.

கேம் கியருக்கு ஒம்பது வோல்ற் வேணும். அதை டைனமோவில குடுக்க அண்ணை துணியேல்லை. முன்வீட்டில அது அலுமாரிக்குள்ளயே கிடந்தது. அந்த வீட்டுப் பெடியன் பின்னேரத்தில எங்கட மாமரத்துக்குக் கீழ வந்து பெடல் சுத்தினான்.

கேம்போயைச் செய்த குழுவுக்குத் தலைமை குன்பெய் யொகொய் எண்ட ஜப்பான்காரர். மலிஞ்சு பழகின தொழில்நுட்பத்தை எடுத்துப் புது விதமாப் பாவிக்கவேணும் எண்டதுதான் அவரின்ர கொள்கை எண்டு கன வருஷத்துக்குப் பிறகு வாசிச்சன். அவருக்கு வல்வெட்டித்துறை எங்க இருக்கெண்டு தெரியாது. ஆனா அவர் எடுத்த முடிவு எங்களுக்கெண்டே எடுத்த மாதிரி இருந்தது.

மானிப்பாய் மைனா:
எங்கட வீட்டுக்கு இதெல்லாம் எட்டாது. யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டடியில விக்கிற பிரிக் கேம்தான். பெட்டியில 9999 விளையாட்டு எண்டு போட்டிருக்கும், எல்லாம் ஒரே கட்டைதான் விழும். ரெண்டு பற்றறி போட்டா மாதக்கணக்கில ஓடும். ஒப்பிடுறவை இதையும் கணக்கில எடுங்கோ.

சுன்னாகத்தாள்:
நான் டிஎஸ் பக்கம். காரணத்தைச் சொல்லுறன்.

2006 ஆவணியில லண்டன் மாமாவின்ர பிள்ளையள் நல்லூருக்கு வந்து நிக்கேக்க வெளியில போற ஏ9 றோட்டு பூட்டுப்பட்டது. ஊரடங்கு. போனும் வேலை செய்யேல்லை. அவை நிண்டது பக்கத்து வளவில, இடையில கிடுகு வேலி. மூத்தவனிட்ட பிஎஸ்பி, மற்ற ரெண்டு பேரிட்டயும் டிஎஸ். சின்ன மச்சாள் தன்ரயை வேலிக்கு மேலால எனக்குத் தந்தாள். அதுக்குள்ள பிக்டோசற் எண்டு ஒண்டு இருக்கு. இன்டர்நெற் தேவையில்லை, இருபது மீற்றருக்குள்ள இருந்தா ஒரு டிஎஸ்ஸில இருந்து மற்றதுக்குத் தகவல் போகும். பேனையால திரையில எழுதி அனுப்பிறது. கையெழுத்துத்தானே, தமிழும் எழுதலாம். பிஎஸ்பியில அந்த வசதி இல்லை.

லண்டனில பிறந்த பிள்ளையளுக்குத் தமிழ் கதைக்க வரும், எழுத வராது. பின்னேரம் வெளியில போகேலாமல் எல்லாரும் வீட்டுக்குள்ள இருக்க, நான் ஒவ்வொரு எழுத்தா எழுதி அனுப்புவன், அவள் அதைப் பார்த்துக் கீறி அனுப்புவாள். "அ"வின்ர சுழி அவளுக்குக் கடைசி மட்டும் மற்றப் பக்கம்தான் திரும்பினது. ஒரு நாள் "பாண் இருக்கா" எண்டு கேட்டு வந்தது. இல்லை, ரொட்டிதான் எண்டு எழுதினன். அம்மா ரெண்டு ரொட்டியைச் சுத்தித் தர வேலிக்கு மேலால குடுத்தன்.

டிஎஸ்ஸை நிப்பாட்டினா எழுதினது எல்லாம் அழிஞ்சுபோகும். ஒண்டும் மிஞ்சேல்லை. அவை வெளிக்கிட்டுப் போன பிறகுதான் அதை நினைச்சு அழுதன்.

உரும்பிராய்ப் பெடியன்:
என்னட்ட இப்ப ஸ்விட்சும் இருக்கு, ஸ்டீம் டெக்கும் இருக்கு. கொக்குவிலான் அண்ணா கேட்டதுக்கு நேராச் சொல்லுறன். டெக் சின்னக் கம்பியூட்டர். என்ர 2022 மொடல் 669 கிராம். ஸ்விட்ச் கைப்பிடியோட 400 கிராமுக்குக் கொஞ்சம் குறைய. 12 வயசுப் பிள்ளை படுத்திருந்து பிடிக்க டெக் பாரம். பெரிய கேம் போட்டா ரெண்டு மணித்தியாலத்தில பற்றறி முடியும், காத்தாடியும் இரையும். சித்திரை வெயிலில மடியில வச்சு விளையாடேலாது. ஸ்விட்சின்ர 2019 மொடல் நாலரையில இருந்து ஒம்பது மணித்தியாலம் நிக்கும். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நிப்பாட்டினவை. அப்ப என்னட்ட ஸ்விட்ச் மட்டும்தான் இருந்தது, அதுதான் என்னைக் காப்பாத்தினது.

கேம் விலை எண்டு பார்த்தா டெக்தான் நல்லம். மலிவு விற்பனை அடிக்கடி வரும், பழைய கேம் கொள்ளை. ஆனா எல்லாம் இணையத்தில இருந்து இறக்கவேணும். சில கேம் 100 ஜீபி வரும், உங்கட டேட்டாவைப் பாருங்கோ. ஸ்விட்சுக்குக் கேம் சின்னக் காட்டில வரும், அந்தக் காட்டை இரவல் குடுக்கலாம், வாங்கலாம். எங்கட ஒழுங்கையில நாலு வீட்டுக்கு ஆறு காட் சுத்துது.

இன்னொண்டு. சித்தப்பா பழைய நின்டென்டோ 3டிஎஸ் ஏதும் மலிவாக் கிடைச்சுதெண்டு கொண்டு வந்தா கவனம். அதில நாட்டுப் பூட்டு இருக்கு. பிரான்சில வாங்கின கேம் கனடாப் பெட்டியில ஓடாது. எங்கட சொந்தம் நாலு நாட்டில இருக்கிறபடியால இது முக்கியம். ஸ்விட்சுக்கு அந்தப் பூட்டு இல்லை, லண்டன் காட்டும் ஓடும், பாரிஸ் காட்டும் ஓடும்.

கொக்குவிலான்:
சித்தப்பாவுக்கு ஸ்விட்ச் எண்டு சொல்லிப்போட்டன். ஒரு காட்டும் கொண்டு வாறாராம். உரும்பிராய்த் தம்பி, உங்கட ஒழுங்கையில சுத்திற ஆறோட எங்கட ஒண்டையும் சேர்ப்பமா? திருவிழா முடியக் கொண்டு வாறன்.