இறப்புரு நிகழ்வினை: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றின் மூதாதையான தொல்செருமானியத்தில் 'அறிதல்' என்ற பொருளில் மீட்டுருவாக்கப்படும் *விட்டன் (உடுக்குறி மீட்டுருவாக்க வடிவைக் குறிக்கும்) போன்ற, உருவில் இறந்தகாலமும் பொருளில் நிகழ்காலமுமான வினைகளுக்குக் 'காலமயக்க வினை' என்ற பெயர் முன்மடலில் பரிந்துரைக்கப்பட்டது. சொல் அழகானது, ஆனால் பொருந்தாது என்பது என் கருத்து.

உண்ணப் புறப்படாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்பதை, விரைவு பற்றிய காலவழுவமைதியாக (காலம் பிறழ்ந்தும் ஏற்கப்படும் வழக்காக) நன்னூல் ஏற்கும். அங்கே மயங்குவது பேசுவோனின் வழக்கு. வினையின் வாய்பாடு மாறுவதில்லை. *விட்டன் அப்படியன்று. 'கண்டிருக்கிறேன், ஆகவே அறிவேன்' என்ற நிலையைச் சுட்டிய இந்தோ-ஐரோப்பிய வடிவம் *வொய்த. அதே வடிவமே வடமொழியில் 'வேத' (அறிகிறான்) என்றும் கிரேக்கத்தில் 'ஒய்த' என்றும் நிற்கிறது. நாம் வழங்கும் 'வேதம்' இவ்வேரினதே. இலத்தீனில் இவ்வேர் 'பார்த்தல்' என்ற பழம்பொருளை விடவில்லை. செருமானியத்தில் ஒகரம் அகரமாகி, 1822இல் ஜெர்மன் மொழியியலாளர் யாக்கோபு கிரிம் வகுத்துக் காட்டிய மெய்த்திரிபின்படி குரலுடன் ஒலித்த தகரம் (d) குரலற்ற வல்லொலியாகி (t), *வைட் (அறிவேன்), *விட்டும் (அறிவோம்) என அமைந்தன. இவ்வகை வடிவங்கள் ஏனைய வினைகளில் இறந்தகாலமாகிவிட, இதுவும் இதன் கூட்டாளிகள் சிலவும் மட்டும் நிகழ்காலப் பொருளிலேயே தங்கின. எனவே இவற்றுக்குப் புதிதாக ஓர் இறந்தகாலம் செய்துகொள்ள வேண்டியதாயிற்று.

வழித்தோன்றல்களில் அந்தத் தடம் இன்றும் தெரிகிறது. ஜெர்மன் மொழியில் 'அவன் செய்கிறான்' என்னும் 'மாஃக்ட்' இறுதியில் டகர ஒற்றைப் பெறுகிறது; 'அவன் அறிவான்' என்னும் 'வைஸ்', இறந்தகால வடிவத்தைப் போலவே, அந்த ஈற்றைப் பெறுவதில்லை. டச்சில் 'வேட்டன்', சுவீடிய மொழியில் 'வேத்த' என்று இவ்வினை உயிரோடிருக்க, ஆங்கிலத்திலோ வினை வழக்கொழிந்து 'விட்னஸ்' போன்ற சொற்களில் மட்டும் ஒளிந்துகொண்டது. ஆனால் அங்கும் இக்குழுவைச் சேர்ந்த 'கேன்', 'ஷல்', 'மே' ஆகியவை படர்க்கை ஒருமையின் சகர ஈற்றை ஏற்க மறுக்கின்றன.

ஆகவே உருவையும் காலத்தையும் பிரித்துக் காட்டும் 'இறப்புரு நிகழ்வினை' என்பதை முன்மொழிகிறேன். இறப்பு என்றால் சாவு நினைவுக்கு வருமே என்று சிலர் தயங்கலாம். நன்னூலார் காலத்தை இறப்பு, எதிர்வு, நிகழ்வு என்றே பகுத்தார். பக்கத்தில் 'நிகழ்வு' இருக்கும்போது குழப்பத்துக்கு இடமில்லை. 'இறந்த நிகழ்கால வினை' என்பதுதான் ஆபத்தானது. நிகழ்காலமே செத்ததாகப் படும்.

மாணவர்க்கு விளக்க நம் 'தெரி' உதவும். 'மலை தெரிகிறது' என்னும் காட்சிப் பொருளிலிருந்து 'எனக்குத் தெரியும்' என்னும் அறிவுப் பொருள் கிளைத்தது. 'தெரிந்தவர்' என்ற இறந்தகால எச்சத்தின் வழிவந்த பெயரோ இன்றைய அறிமுகத்தைச் சுட்டுகிறது. இது உறவன்று, ஒப்புமை மட்டுமே; தெரி என்பதை இறப்புரு நிகழ்வினை என்று பட்டியலில் சேர்த்துவிட வேண்டாம், ஏனெனில் அதற்குத் 'தெரிகிறது' என்ற இயல்பான நிகழ்கால வடிவம் உண்டு.